கதிரையில் ஏறிய கடல்: தீவகக் களப்போரம் ஒரு நாள் ஒத்திகை

இந்த மாசி மாதம், ஒரு புதன்கிழமை காலை ஆறு பத்துக்கு, ஸ்கூட்டியில் தனியாகப் புறப்பட்டேன். இது ஒரு பயணத்துக்கான ஒத்திகை. உண்மையான பயணம் என் கணவருக்காக. பக்கவாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்டபின் பதினாலு மாதமாக அவர் யன்னலோரக் கதிரையிலேயே உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்குள் தடியூன்றி நடப்பார், படி ஏறமாட்டார். "அடுத்த முறை வெளிக்கிட்டா ஆசுப்பத்திரிக்கு இல்லாமல் வேறை எங்கையும் போகவேணும்" என்று ஒரு நாள் சொன்னார். எங்கே என்று கேட்டேன். நயினாதீவுக்குப் படகில் போகவேண்டுமாம். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்: "ஒருத்தரும் என்னைத் தூக்கப்படாது."

காரணம் எனக்குத் தெரியும். பக்கவாதம் வந்த அன்றைக்கு ஆசுப்பத்திரி வாசலில் நாலு பேர் அவரைத் தூக்கியபோது இடுப்புச் சாரம் அவிழ்ந்துவிட்டது. நோவை மறந்துவிட்டார், அதை மறக்கவில்லை.

ஆகவே கொப்பியும் பேனையுமாக, எங்கே படி, எங்கே நிழல், எங்கே கழிவறை என்று பார்த்து வரப் போனேன். நான் அப்படிப்பட்டவள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் முதலில் வெளியே வரும் வழியைத்தான் பார்ப்பேன்.

பண்ணைப் பாலத்தில் ஏறியதும் கொப்பி மறந்துபோனது. தார் ரோட்டின் இரண்டு பக்கமும் முழங்கால் ஆழத்துக்குத்தான் தண்ணீர், ஆனால் கண் எட்டுமட்டும் தண்ணீர். வானமும் களப்புத் தண்ணீரும் ஒரே வெளிறிய நிறம். தூரத்தில் இளஞ்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. கிட்டப் போனால் கோடு கால் மாற்றி நின்றது: பூநாரைகள். இருபது நிமிடம் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு ஒன்றும் செய்யாமல் நின்றேன். இந்த இருபது நிமிடத்தை நீங்களும் உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் மீற்றர்ப்படி வீட்டிலிருந்து வேலணைச் சந்தி பதினான்கு கிலோமீற்றர். அங்கே கடையில் தேத்தண்ணீரும் சூடான வடையும். கடைக்குப் பின்னால் கழிவறை உண்டு, ஒரு படிதான். குறித்துக்கொண்டேன். வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் நடுவே இன்னொரு நீண்ட பாலம். அதில் எதிரே ஒரு பஸ்சும் இரண்டு சைக்கிளும் வந்தன, வேறொன்றும் இல்லை. காற்றுக்கூடச் சோம்பலாக வீசியது. முப்பத்தொன்றாவது கிலோமீற்றரில், எட்டு ஐம்பதுக்கு, ரோட்டு முடிந்து குறிகட்டுவான் இறங்குதுறை வந்தது.

அங்கேதான் என் திட்டம் கவிழ்ந்தது. படகு துறையோடு ஒட்டி நிற்காது. ஒரு சாண் தள்ளும், பிறகு இடிக்கும், மேலே எழும், கீழே போகும். அந்த நேரம் பார்த்துக் காலை வைத்துத் தாவவேண்டும். நல்ல காலுள்ள நானே இரண்டு தரம் யோசித்தேன். இவருக்கு ஏலாது. கொப்பியில் "படகு: இல்லை" என்று எழுதினேன். யன்னலோரம் இருக்கிற மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது?

அப்போது ஓட்டோவில் ஒரு பருத்த அம்மா வந்து இறங்கினார். இரண்டு முழங்காலிலும் கட்டு. மடியில் கைப்பை, காதில் ஃபோன். படகுக்காரர் ஒரு பிளாஸ்ரிக் கதிரையைக் கொண்டுவந்து வைத்தார். அம்மா அதில் இருந்தார். நாலு பேர் ஆளுக்கொரு காலாகக் கதிரையைப் பிடித்தார்கள். "இண்டைக்கு மீன் சமைக்காதை பிள்ளை, நான் விரதம்" என்று அம்மா ஃபோனில் சொல்லிக்கொண்டே தண்ணீருக்கு மேலால் போனார். "பொறு, ஏத்திறாங்கள்... ஓம், மரக்கறிதான்." கதிரை படகின் முன்தட்டில் இறங்கியது. பேச்சு நிற்கவேயில்லை. சுற்றி நின்ற ஒருவரும் திரும்பிப் பார்க்கவுமில்லை.

நான் படகுக்காரரிடம் போனேன். பெயர் யோகன், ஐம்பது வயதிருக்கும்.

"அண்ணை, எல்லாரையும் இப்பிடித்தான் ஏத்திறனீங்களோ?"

"ஏலாத ஆக்கள் எல்லாரையும். போன மாசம் கலியாணப் பொம்பிளை ஒண்டையும் ஏத்தினனாங்கள், கூறைச்சீலை நனையாமல்."

"ஆரும் வெக்கப்படுறேல்லையோ?"

"ஏறுமட்டும் வெக்கம். ஏறினாப் பிறகு படம் எடுக்கச் சொல்லுவினம்." சிரித்தார். பிறகு, "ஆரையேன் கூட்டிவாறதெண்டா சித்திரைக்கு முதல் வாங்கோ. சோளகம் துவங்கினாப் படகு ஆடும், கதிரை வைக்கேலாது" என்றார்.

சோளகம் என்பது எங்கள் தென்மேல் காற்று. ஆக, இரண்டு மாதம்தான் இருக்கிறது.

நான் தாவி ஏறினேன். கடலில் இருபது நிமிடம். நயினாதீவில் கோயில் துறைக்கு நேரே தெரியும், வழி மேடு பள்ளமில்லாதது. அம்மனைக் கும்பிட்டேன், மதிய அன்னதானத்தில் சாப்பிட்டேன். ஆனால் மனம் கதிரையிலேயே இருந்தது. வசதியைச் சொன்னால் அவர் "தூக்கிறது தூக்கிறதுதானே" என்பார். கதிரையில் ஏறியிருந்து பாராத ஒன்றை நான் எந்த வாயால் சொல்லுவேன்?

திரும்பும் படகும் யோகன் அண்ணையுடையதே.

"அண்ணை, என்னையும் ஒருக்கால் கதிரையிலை ஏத்துங்கோ."

"அக்காக்கு என்ன விசரோ? கால் நல்லாத்தானே இருக்கு?"

இவரைப் பற்றிச் சொன்னேன். ஆசுப்பத்திரி வாசலையும் சொன்னேன். சிரிப்பை நிறுத்திவிட்டுக் கதிரையைத் துடைத்து வைத்தார். "இருங்கோ. கையைக் கதிரையிலை வையுங்கோ. எங்களைப் பிடிச்சா எல்லாரும் தண்ணிக்கைதான்."

என் நிறை அறுபத்தெட்டுக் கிலோ. முழு விபரமும் தருகிறேன் பாருங்கள். தூக்கியதும் முகம் சுட்டது. என்னை ஒரு சாமான் போலத் தூக்குகிறார்களே என்று அழுகை வரப் பார்த்தது. அடுத்த கணம் காலுக்குக் கீழே துறை இல்லை. பச்சைத் தண்ணீர், அதற்குள் சிறு மீன்கள், அவற்றின் மேல் என் நிழல். ஒரு சத்தமும் காதில் விழவில்லை. மூன்று நொடி இருக்குமா? சின்ன வயதுக்குப் பிறகு என் பாரத்தை நான் சுமக்காத நேரம் அதுதான். படகில் இறக்கியபோது, இவ்வளவுதானா என்றிருந்தது.

பின்னேரம் வேலணைக்குத் திரும்பி, புளியங்கூடல் வழியாக ஊர்காவற்றுறைக்குப் போனேன். பனைகள், பூட்டிய வீடுகள், ரோட்டுக்குக் குறுக்கே படுத்திருந்து ஹோர்னுக்கும் எழும்பாத மாடுகள். ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்கு "பாதை" என்ற தட்டையான மிதவையில் கடக்கவேண்டும். ஸ்கூட்டியோடு ஏறினேன், காசு யாரும் கேட்கவில்லை. பத்து நிமிடம். ஒரு பக்கம் கடலுக்கு நடுவே பழைய கோட்டை, மறுபக்கம் சரியும் வெயில். மிதவை நகர்கிறதா கரை நகர்கிறதா என்று தெரியாத அந்தப் பத்து நிமிடத்தை இவருக்கு அப்படியே எடுத்துப்போக ஆசைப்பட்டேன். காரைநகர், பொன்னாலைப் பாலம், வட்டுக்கோட்டை வழியாக வீட்டு வாசலில் நின்றபோது ஆறு நாற்பது. மொத்தம் எழுபத்தாறு கிலோமீற்றர், பெற்றோல் இரண்டு லீற்றர்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மாசி, பங்குனிதான் நல்ல காலம். தொப்பியும் இரண்டு போத்தல் தண்ணீரும் கட்டாயம். நடக்க ஏலாதவர் இருந்தால் ஓட்டோ பிடித்துத் துறை வாசல்வரை வாருங்கள். வார இறுதியில் சனம், ஆகவே வேலைநாளில் போங்கள். பாதையின் நேரத்தை அன்றன்றைக்குக் கேளுங்கள். நெடுந்தீவையும் அதே நாளில் செருகாதீர்கள், அது ஒரு மணி நேரக் கடல். கதிரை வேண்டுமென்றால் வெட்கப்படாமல் கேளுங்கள், கேட்டால்தான் வரும்.

இவரிடம் அன்றிரவே எல்லாவற்றையும் சொன்னேன். நான் கதிரையில் இருந்ததையும், முகம் சுட்டதையும், மீன்களையும். யன்னலைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த மனுசி உண்மையாவே ஃபோன் கதைச்சுக்கொண்டோ ஏறினது?"

"ஓம். மரக்கறி சமைக்கச் சொல்லிக்கொண்டு."

தடியை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார்.

"அப்ப என்னைத் தூக்கேக்கை நீர் எனக்கு ஃபோனிலை ஒரு கோல் எடும்."

பங்குனி முதல் புதன் போகிறோம். சாரம் வேண்டாம், காற்சட்டை என்று அதையும் அவரே முடிவு செய்துவிட்டார். துறையில் சிக்னல் நன்றாக இருக்கிறதாம், யோகன் அண்ணையிடம் ஃபோனில் கேட்டுவிட்டேன். இவர் தண்ணீருக்கு மேலே, நான் நாலு முழம் தள்ளிக் கரையில். அந்த மூன்று நொடிக்கு என்ன சொல்வது என்று மட்டும் கொப்பியில் இன்னும் எழுதவில்லை.