கழுத்தில் பச்சை வளையம்

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்த ரோஸ்மேரி, பனியன் கம்பெனியையும் அங்கே ராயபுரத்தில் எடுத்த வாடகை வீட்டையும் தவிர ஊரில் எதையும் பார்த்ததில்லை. 2009 தை மாதத்தில் ஒருநாள், செக்கிங் பிரிவில் உடன் வேலை செய்த இந்துமதி, “ஞாயித்துக்கெழம பறவை பாக்கப் போலாம், வாங்க” என்றபோது, பல்லடத்துக் கோழிப்பண்ணைக்குத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தாள்.

போனது ஊருக்கு வெளியே ஒரு குளம். தண்ணீர் உள்வாங்கிய இடமெல்லாம் சேறு. இந்துமதி கொடுத்த பைனாகுலரில் முதலில் எல்லாம் மங்கலாகத் தெரிந்தது. நடுவிலிருந்த குமிழைத் திருகியதும் சாம்பல் நிற வாத்துக் கூட்டம் ஒன்று முகத்துக்கு நேரே வந்து நின்றது.

“தலையில ரெண்டு கறுப்புப் பட்டை தெரியுதுங்களா? இமயமலையத் தாண்டி வருதுங்க அது.”

“ஏக்கா, ஒண்ணு கழுத்துல பச்சையா என்னமோ மாட்டியிருக்கே.”

இந்துமதி பைனாகுலரை வாங்கிப் பார்த்தாள். “அது வளையமுங்க. எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்க மாட்டி உடறது. அதுல இருக்கற எழுத்தப் படிச்சாகோணும்.”

அதற்குள் நாய்கள் சேற்றில் இறங்கின. கூட்டம் எழும்பி, எதிர்க்கரைப் பூங்காவை ஒட்டிய புல்லில் போய் இறங்கியது. இருவரும் ஓடினார்கள். செருப்பு சேற்றில் மாட்ட, ரோஸ்மேரி அதைக் கையில் எடுத்துக்கொண்டாள். பூங்காவில் நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் வழிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். ரோஸ்மேரி வேலிக்குப் பின்னால் ஈரமண்ணில் குப்புறப் படுத்து, இந்துமதியிடமிருந்து பைனாகுலரை வாங்கிப் பிடித்தாள்.

“எஃப்... அஞ்சு...” வாத்து கழுத்தை மடக்கிக்கொண்டது. “கொஞ்சம் திரும்பு தாயி” என்று முணுமுணுத்தாள். வெகுநேரம் கழித்து அது திரும்பியது. “மூணு. அக்கா, மூணு.”

இந்துமதி உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

மறுநாளே பிரவுசிங் சென்டரிலிருந்து பறவை ஆராய்ச்சியாளர்களுக்குத் தகவல் அனுப்பினாள். சில நாளில் பதில் வந்தது. மதியச் சாப்பாட்டின்போது சொன்னாள்: “போன கோடையில மங்கோலியாவுல ஒரு ஏரியில மாட்டுனதாமா. அப்ப அது பறக்கத் தெரியாத குஞ்சுங்க.”

ரோஸ்மேரி சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. “அந்த நாடு எங்கக்கா இருக்கு?”

“சீனாவுக்கும் அந்தாண்டைங்க.”

“அம்புட்டுத் தூரமா? முதத் தடவையேவா?”

சாப்பாட்டை அப்படியே விட்டு எழுந்து, ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொன்னாள். சத்தம் போட வந்த சூப்பர்வைசரும் நின்று கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்கு ஆள் கூப்பிட்டார்கள். செக்கிங்கிலிருந்து ஒருவரும் போகவில்லை. எல்லோரும் குளத்தங்கரையில் இருந்தார்கள்.