புது மணல்

அவளுக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் முப்பது வருஷமாகத் தெருவுக்கு அவள் சட்டிக்காரிதான். முன்னறையில் அடுப்பு, அதன்மேல் ஒரு குழந்தையைக் குளிப்பாட்டும் அளவுக்குப் பெரிய இரும்புச் சட்டி, சட்டி நிறைய மணல். சுட்ட மணலில் கடலையைக் கொட்டிப் புரட்டி, வெடித்ததும் சல்லடையில் அள்ளிச் சலிப்பாள். மணல் சட்டிக்குத் திரும்பும், கடலை கூடைக்குப் போகும், சூடு மட்டும் அவள் முழங்கையில் தழும்பாகத் தங்கும்.

தெருவே அவள் வறுத்ததைத்தான் கொறித்தது. ஆனால் விசேஷ வீடுகளில் அவளைப் பின்வாசல் வழியாகக் கூப்பிட்டு, கொல்லையில் வறுக்கவைத்து, பின்வாசல் வழியாகவே அனுப்பிவிடுவார்கள். கடலைக்கு வாயைத் திறக்கிற கூட்டம் வறுத்தவளுக்கு முன்கதவைத் திறக்காதாம். எந்த ஊர் நியாயம் இது? அவளும் கேட்டதில்லை. மகள் படிக்க வேண்டுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மகள் படித்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கூட வேலை பார்க்கும் பையனைப் பிடித்துப்போயிற்று. கல்யாணம் பேசி முடிக்க அவன் அம்மா வரப்போகிறாள் என்றதும் சட்டிக்காரி வீட்டைக் கழுவினாள், சட்டியைத் தேய்த்தாள், கறுத்துப்போன பழைய மணலைக் கொட்டிவிட்டுப் புது மணல் நிரப்பினாள். வருகிறவள் எதையும் பார்த்து முகம் சுளிக்கக் கூடாதே.

வந்தவள் வெயிலிலும் மணிக்கட்டுவரை கை வைத்த ரவிக்கை போட்டிருந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தாள். கல்யாணத்துக்கு முன்னால் சட்டியும் அடுப்பும் போய்விட வேண்டும். பத்திரிகையில் பெண்ணின் தாயாருக்குத் தானிய வியாபாரம் என்று போட வேண்டும். ஒரு காகிதத்தில் எழுதியே கொண்டுவந்திருந்தாள். நாலு பேர் கேட்டால் பதில் சொல்ல வேண்டுமாம்.

சட்டிக்காரி காகிதத்தைத் தள்ளி வைத்தாள். மகளைப் பார்த்தாள். அவள் தலையே நிமிரவில்லை. சோறு போட்ட சட்டி பெரிதா, பெற்ற பெண் பெரிதா? சரி என்று சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் மகள் காலையில் வறுத்த கடலைத் தட்டை வந்தவள் முன்னால் நீட்டினாள்.

மற்றவர்களாக இருந்தால் அள்ளி வாயில் போட்டிருப்பார்கள். இவள் ஒரு பிடி எடுத்தாள், ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றி மாற்றிக் கொட்டி ஊதினாள், ஒரு கடலையை நகத்தால் பிளந்து உள்ளே பார்த்தாள், அப்புறம்தான் மென்றாள்.

"மணல் புதுசு. ரெண்டு தடவை வெறும் மணலா காய விட்டிருக்கணும். பச்சை வாடை போகலை," என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. மென்ற வாய் நின்றுவிட்டது.

சட்டிக்காரி எழுந்து நின்றாள். குரல் ஏறவில்லை.

"ஒங்கம்மா சட்டி எந்தத் தெருவுல இருந்துச்சு?"

வந்தவள் ரவிக்கைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்கம்மாவ நான் என் கல்யாணத்துக்கே கூப்பிடலை."

"கண்டவங்க சொல்லியிருந்தா பொறுத்திருப்பேன். நீங்க சொல்லலாமா? சட்டி இங்கதான் இருக்கும். இஷ்டம்னா பாருங்க, இல்லன்னா வாசல் அந்தப் பக்கம்."

மகள் குறுக்கே வந்து தடுப்பாள் என்று நினைத்தாள். மகள் அந்தக் காகிதத்தை எடுத்து, தானிய வியாபாரத்தை அடித்துவிட்டு, 'கடலை வறுப்பவர்' என்று கொட்டை எழுத்தில் எழுதினாள்.

"இப்படியே அச்சடிங்க அத்தை. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. அவர்கிட்ட நானே பேசிக்கறேன்."

வந்தவள் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.  கையில் மிச்சமிருந்த கடலையைத் தட்டில் போடாமல் மென்றுகொண்டே முன்வாசல் வழியாக இறங்கிப் போனாள்.

சட்டிக்காரி அடுப்பை மூட்டி வெறும் மணலைக் காய வைத்தாள். கரண்டி சட்டியில் மோதிய சத்தம் தெருமுனைவரை கேட்டது. வந்தவள்மேல் இருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது. சரி என்று சொல்லத் திறந்த தன் வாயின்மேல் இருந்த கோபம்தான் இறங்கவே இல்லை.