பூண்டு எழும் இரண்டாம் மூச்சு

இத்தாலியில், ரவென்னாவின் பைன் காட்டோரம் எங்கள் ஊர். மார்ச் விருந்துக்கு வரும், மண்ணுக்கடியில் விளையும் வெள்ளை டிரஃபிள் காளான்களைக் கண்ணை மூடி முகர்ந்து தேர்ந்தெடுப்பவள் நோர்மா. முதல் மூச்சுக்கு எல்லாமே இனிமையாகத்தான் மணக்கும்; இரண்டாம் மூச்சில் பூண்டு எழுந்தால்தான் அது மார்ஸுவோலோ என்னும் நல்ல ஜாதி. எழாததைக் கொண்டுவந்தவர் காலடியிலேயே எறிவாள். "இத உன் மாமியாருக்குச் சீவிப் போடு," என்பாள். எத்தனையோ பேரை அழவைத்த மூக்கு அது. என்னையும்தான்.

இந்த ஜனவரிக் காய்ச்சலில் மூக்கு செத்துப்போயிற்று. காபியும் வெந்நீரும் அவளுக்கு ஒன்றாயின. புருஷன் எர்மெஸிடம் மட்டும் சொல்லி அழுதாள். விருந்துக் கூடத்தில் உட்கார்ந்து முகரும் அந்த நாற்காலியும் போனால் ஊரில் தன்னை யார் மதிப்பார்கள் என்றாள்.

"நான் யார்கிட்ட சொல்லப் போறேன்?" என்றான் அவன்.

விருந்தன்று நாத்தனார் ஃபோஸ்கா மண் அப்பிய உருண்டை ஒன்றை நீட்டினாள். "பாருங்க அண்ணி, எங்க தோப்புல கெடச்சது."

நோர்மா கண்ணை மூடி நிதானமாக இரண்டு மூச்சு இழுத்தாள். "நல்ல மார்ஸுவோலோ. பூண்டு சுருக்குனு ஏறுது."

ஃபோஸ்கா உருண்டையைத் துடைத்து எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள். உருளைக்கிழங்கு.

கூடமே அதிர்ந்தது. "வறுத்தா இன்னும் மணக்கும் அண்ணி!" என்றாள். எர்மெஸ் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் சொன்னேன்ல?" என்றான் தங்கையிடம்.

நாற்காலியில் ஃபோஸ்கா உட்கார்ந்தாள். "நீங்க உள்ள போய்ச் சீவுங்க அண்ணி. அதுக்கு மூக்கு வேணாம்."

அடுக்களையில் பாஸ்தா வடித்துக்கொண்டிருந்த நாங்கள் யாரும் நகர்ந்து இடம் விடவில்லை. ஓரமாக நின்று, ஃபோஸ்கா தேறியதென்று அனுப்பியவற்றை நோர்மா வெட்டத் தொடங்கினாள். பழுப்புச் சதை, தடித்த வெள்ளை நரம்பு; எல்லாம் மார்ஸுவோலோதான். ஒன்று மட்டும் உள்ளேயும் பால்வெள்ளை, மெல்லிய கோடுகள் நெளிந்து நெளிந்து ஓடின. பன்றி டிரஃபிள். பிஞ்சில் அதன் நாற்றம் அவ்வளவாகத் தெரியாது. பச்சையாகத் தின்றால் குடலைப் புரட்டிவிடும்.

"அதத் தூக்கிப் போடுடி," என்றேன்.

"மோந்து தேத்தினது உங்க புது மூக்கு. நான் சீவத்தானே வந்தேன்?"

ஒரே தட்டுப் பாஸ்தாவின் மேல் அதை முழுவதும் பச்சையாகச் சீவினாள். தானே கொண்டுபோய் எர்மெஸ் முன்னால் வைத்தாள்.

"அடடா, என் தங்கச்சி மூக்குதான்டா மூக்கு!" என்று அவன் முட்கரண்டியை எடுத்தான்.

நாங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். ரொட்டியால் தட்டை வழித்துத் தின்றுவிட்டு, இன்னொரு தட்டு கேட்டான்.