மூன்று தண்ணீரில் கழுவிய ஊமல் கரி

கரித்துண்டுக்குள் இருக்கும் துளையை அளக்க யாராவது பயணம் போவார்களா என்று கேட்காதீர்கள். போன மாதம் நாங்கள் போனோம். பனங்கொட்டையைப் பிளந்து உள்ளே இருக்கும் பூரான் எனும் வெண்பருப்பைத் தின்றபின் மிஞ்சும் ஓடுதான் ஊமல். அதைக் கரியாக்கித் தண்ணீர் வடிகட்டி செய்யலாமா என்று என் மனைவி ஜெபா இரண்டு வருடமாக ஆராய்கிறாள். இதுவரை அளந்த கரி எதிலும் அழுக்கைப் பிடிக்கும் துளைகள் போதவில்லை. இந்த முறையும் சரிவராவிட்டால் வேறு தலைப்பைப் பாருங்கள் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. நான் மோட்டார்சைக்கிள் ஓட்டுபவன்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு உடுவிலில் இருந்து புறப்பட்டோம். சுன்னாகத்தில் ஐநூறு ரூபாய்க்குப் பெற்றோல். புன்னாலைக்கட்டுவன், புத்தூர் ஊடாக அச்சுவேலிக்கு ஏறக்குறைய பதின்மூன்று கிலோமீற்றர். வெங்காய லொறிக்குப் பின்னால் மாட்டாவிட்டால் அரை மணித்தியாலம் போதும். நாங்கள் மாட்டினோம்.

அச்சுவேலியில் ஓர் இரும்புப் பட்டறைக்காரர்தான் ஊமலை மூடிய இரும்புக் குழாய்க்குள் சூடாக்கி, நீராவி பாய்ச்சிக் கரியாக்கித் தருகிறார். அன்று அவர் வெளியே போயிருந்தார். அவருடைய மனைவி மணி அக்கா சிரித்த முகத்தோடு கரிப் பையைத் தந்தார்.

“பிள்ளை, உங்கடை கையெல்லாம் கறுப்பாகுமெண்டு மூண்டு தண்ணியிலை கழுவிக் காய வைச்சனான். பிடிச்சுப் பாருங்கோ, ஒட்டாது.”

ஜெபாவின் முகம் வாடிவிட்டது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லில் ஊறியது. தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதே சுண்ணாம்பு கரிக்குள்ளும் காய்ந்து துளைகளை அடைத்துவிடும். ஒவ்வொரு துளையும் சில நனோமீற்றர்தான். தலைமயிரின் தடிப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வராது.

“நல்ல வடிவாய் இருக்கு, அக்கா,” என்றாள் ஜெபா. தந்த தேநீரையும் மறுக்காமல் குடித்தாள். அவளை எனக்கு ஏன் இவ்வளவு பிடிக்கும் என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

பட்டறை மறைந்ததும் மோட்டார்சைக்கிளின் பின் இருக்கையிலிருந்து விசும்பல் கேட்டது.

“அழுறீரோ?”

“தூசி. நீங்கள் தெருவைப் பார்த்து ஓடுங்கோ.”

புதிதாகக் கரி சுட ஏழு நாள், ஒரு கிழமை முழுக்க வேண்டும். அளக்கும் இயந்திரத்துக்குத் தேவையான திரவ நைதரசனோ கொழும்பிலிருந்து வருவது. வைத்திருக்க வைத்திருக்க ஆவியாகிவிடும். வெள்ளிக்கிழமை ஒரு தடவை அளக்க மட்டும் மிச்சம் இருந்தது. அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அதனால் நேராக யாழ்ப்பாணத்து ஆய்வுகூடத்துக்குப் போனோம், பதினாறு கிலோமீற்றர். கரியில் நீர் கலந்து ஐதாக்கிய ஐதரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினாள். சுண்ணாம்பு கரையக் கரைய, சோடாப் போத்தல் திறந்ததுபோலக் குமிழிகள் வந்தன. பிறகு காய்ச்சி வடித்த நீரில் அலசி, உலர்த்தி, வியாழன் இரவு முழுக்க வெற்றிடத்தில் சூடாக்க வைத்தாள்.

வெள்ளிக்கிழமை இயந்திரம் கரியைக் கடுங்குளிரில் வைத்து நைதரசன் வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டியது. துளைச் சுவர்களில் எவ்வளவு வாயு ஒட்டுகிறதோ அதை வைத்து உள்ளே இருக்கும் பரப்பைக் கணக்கிடலாம். திரையில் கோடு ஏறிக்கொண்டே போனது. ஜெபா என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். கடைசியில், ஒரு கிராம் கரிக்குள் மூன்று கரப்பந்தாட்ட மைதானங்களை விரிக்கலாம் என்றாள். முந்திய கரி எதிலும் அதில் பாதிகூட இல்லை.

காரணத்தையும் அவளே கண்டுபிடித்தாள். ஊமலைச் சுடும்போதே உண்டாகும் சாம்பலும் துளைகளை அடைத்திருக்கிறது. முன்பெல்லாம் வெறும் வடித்த நீரில் கழுவியதால் அது போகவில்லை. கிணற்றுச் சுண்ணாம்பைப் போக்க ஊற்றிய அமிலம் அதையும் சேர்த்துக் கரைத்துவிட்டது.

இப்படிக் கரியோடு அலையப் போகிறவர்களுக்கு: நைதரசன் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். கரியைக் காற்றுப்புகாத போத்தலில் கொண்டுபோங்கள். அமிலத்தில் ஒரு தடவை கழுவாமல் அளக்காதீர்கள். தேநீர் தந்தால் குடியுங்கள்.

வெளியே வந்ததும் ஜெபா முதலில் அழைத்தது பேராசிரியரை அல்ல, மணி அக்காவை.

“அக்கா, கரி நல்லா வந்திட்டுது!”

“வராமல் என்ன பிள்ளை? மூண்டு தண்ணியிலையெல்லோ கழுவினனான்.”

ஜெபா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“ஓம் அக்கா. அதாலைதான்.”