ஒட்டாத வியாதி

மாமாவுக்கு வந்திருப்பது படை என்று நம்பியிருந்தவரை எங்கள் வீட்டில் யாருக்கும் ஒரு கஷ்டமும் இல்லை. அவர் அம்மாவின் தம்பி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரகடத்துக்கு, கார் உதிரிபாகக் கம்பெனி வேலைக்கு வந்தவர். வல்லம் வடகாலில் எங்கள் ஒற்றை அறை வாடகை வீட்டில்தான் தங்கியிருந்தார். நான் அப்போது நான்காம் வகுப்பு.

அவர் முதுகில் சிவப்புத் திட்டுகள் இருந்தன. கம்பெனி பஸ்ஸில் பாதிப் பேருக்கு அரிப்பு உண்டு. பழியெல்லாம் மெஷினில் ஊற்றும் கூலன்ட் எண்ணெய்க்குத்தான். மெடிக்கலில் ஒரு களிம்பு ட்யூபை வாங்கி, பஸ்ஸிலேயே கைமாற்றிப் பூசிக்கொள்வார்கள். திட்டு மங்கும், பிறகு பழையபடி வரும். மாமாவின் முதுகு என் பொறுப்பு.

"ஏட்டி, இன்னைக்கு எம்புட்டு இருக்குன்னு பாரு" என்பார்.

"இலங்கை மேப் மாதிரி இருக்கு மாமா" என்றால் குலுங்கிச் சிரிப்பார். பிறகு தன் தட்டிலிருந்தே எனக்கு ஊட்டிவிடுவார். படை ஒட்டுவாரொட்டி என்பது யாருக்கும் நினைவே வரவில்லை.

களிம்புக்கு அடங்காமல் போகவே சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். தோலைத் துளி வெட்டியெடுத்துச் சோதித்துவிட்டு, இது படையே இல்லை, வெள்ளை அணுக்கள் கெட்டுப்போய்த் தோலில் வரும் ஒருவகைப் புற்றுநோய் என்றார் டாக்டரம்மா.

"யாருக்கும் ஒட்டாது. ஆரம்பம்தான், லைட் ட்ரீட்மென்ட்ல அடங்கும். எங்கயாவது தடிச்சு கட்டியா வந்தா மட்டும் அன்னிக்கே வந்துடணும். முதுகை வீட்ல யாராவது பாத்துக்கிட்டே இருக்கணும்."

மாமா என்னைப் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆஸ்பத்திரியில், உட்புறம் சுற்றிலும் ட்யூப்லைட் எரியும் ஆளுயர பீரோ ஒன்றுக்குள் வாராவாரம் போய் நின்றுவிட்டு வந்தார். திட்டுகள் மங்கத் தொடங்கின.

ஒட்டாது என்று தெரிந்த பிறகுதான் எல்லோரும் ஒதுங்கினார்கள். பஸ்ஸில் அவர் பக்கத்து சீட் காலியாகவே வந்ததாம். அம்மா அவர் தட்டைத் தனியாக எடுத்து வைத்தாள். வீட்டுக்காரம்மா வாசலில் வந்து நின்றாள்.

"இன்னாமா, புள்ளைங்க கீற எடத்துல கேன்சர்காரன வச்சினுகீற? ஒண்ணு அவன் போவணும், இல்ல நீங்க வூட்ட காலி பண்ணணும்."

அவள் போனதும் அப்பா கதவைச் சாத்தினார்.

"ஒட்டாதுன்னு டாக்டரு சொல்லிட்டாவல்லா, யக்கா" என்றார் மாமா.

"எனக்குத் தெரியும்லே. அவளுக்குத் தெரியணும்லா?" என்றாள் அம்மா. அந்தப் பதிலுக்காக இன்றுவரை அவள்மீது எனக்கு ஆத்திரம் தீரவில்லை.

மாமா மண்ணூரில் அறை பிடித்துத் தனியாகப் போனார். ஃபேனுக்கு நேர்கீழே அவர் படுத்திருந்த இடம் எனக்குக் கிடைத்தது, துள்ளிக் குதித்தேன். எப்போதாவது வந்தால் வாசலோடு பேசிவிட்டுப் போவார்.

சட்டையில் ரத்தம் கசிந்த பிறகுதான் தோள்பட்டைக்குக் கீழே கட்டி இருப்பது அவருக்கே தெரிந்தது. அதற்குள் அது உள்ளே பரவிவிட்டது. அடுத்த பொங்கலுக்கு மாமா இல்லை.

மண்ணூரில் அவர் முதுகை யார் பார்ப்பார்கள் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. அது கேட்க வேண்டிய கேள்வி என்றே எனக்கு அப்போது தெரியாது.