என் மனைவி அந்தக் காரை ஓட்டவில்லை

சிட்னியில் எங்கள் ஆட்களின் வீட்டில் பெண்பிள்ளை பெரியவளானதற்குச் செய்யும் சாமத்தியச் சடங்கு என்றால் மண்டபத்துக்குள்ளே ஒன்று நடக்கும், கார் நிறுத்துமிடத்தில் இன்னொன்று நடக்கும். உள்ளே பெண்களும் மேளமும் ஆலாத்தியும். வெளியே ஆண்கள் ஏதாவதொரு காரின் டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் கப்பில் விஸ்கி குடிப்போம். மண்டபத்தில் மது கூடாது என்பார்கள். டிக்கி மண்டபமில்லையே. எண்பத்து நாலில் இங்கே வந்த நாள் முதல் அந்த டிக்கி பெரும்பாலும் என்னுடையதாகவே இருந்தது. ஐஸ், சோடா, மிக்சர், கை துடைக்கப் பேப்பர் எல்லாம் அடுக்கி வைத்திருப்பேன். நான் பொறியியலாளன், ஒழுங்கு எனக்குப் பெருமை.

ஒரு ஞாயிறு மத்தியானம் அப்படியொரு சடங்கில் மகனையும் டிக்கியடிக்குக் கூப்பிட்டேன். அவனுக்குப் பத்தொன்பது வயது. மெடிசின் இரண்டாம் வருடம். எங்கள் சனத்தில் பிள்ளைக்கு மெடிசின் கிடைத்த தகப்பன் எப்படி நடப்பான் என்று சொல்லத் தேவையில்லை. நானும் அப்படித்தான் நடந்தேன்.

"டொக்டர் தம்பி வாறார், வழி விடுங்கோ" என்றார் ஒரு நண்பர்.

"அவன் குடிக்கிறேல்லை" என்றேன், ஒப்புக்கு.

"ஓம், நீர் மட்டும் பிறக்கேக்கையே கிளாஸோட பிறந்தனீரோ? ஊத்தும் காணும்."

நானே ஊற்றினேன். முதலாவதும் நான்தான், மூன்றாவதும் நான்தான். அவனிடம் இருந்தது பி பிளேட், புதிதாக ஓட்டுபவர்களுக்கான லைசன்ஸ். பி பிளேட்காரர் ஒரு சொட்டுக் குடித்தாலும் ஓட்டக் கூடாது என்பது எனக்குத் தெரியாத சட்டமில்லை. ஆனால் எங்களிடம் வேறொரு சட்டம் இருந்தது: குறையக் குடித்தவர் ஓட்டுவார். நான் ஆறு, அவன் மூன்று. மனைவி சாப்பாடு முடிந்ததும் ஒரு அன்ரியின் காரில் வீட்டுக்குப் போயிருந்தாள். என் காரின் திறப்பை அவனிடம் கொடுத்தேன்.

லிட்கம்மில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு முன்னால், வளைவில், கார் நடைபாதையில் ஏறியது. குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு எங்களுக்கு முதுகு காட்டி நடந்த ஒரு வயதானவரை அடித்து, மதிலில் முட்டி நின்றது. பகல் மூன்று மணி. தெருவில் வேறு யாருமில்லை. மகன் இறங்கிப் புல்லில் வாந்தி எடுத்தான். அந்த மனிதர் தன் மொழியில் ஏதோ முனகினார். நான் அவரிடம் போகவில்லை. மகனின் தோளைத்தான் பிடித்தேன்.

"வீட்டை போ. நடந்து போ. அம்மாவை அனுப்பு."

"அப்பா, ஐ வோஸ் டிரைவிங்."

"வாயை மூடு."

அவன் வளைவில் மறைந்த பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

மனைவி ஓடி வந்தாள். அவள் தாதி, காரில் வீடு வீடாகப் போய் முதியவர்களுக்குப் புண் கட்டுபவள். சடங்குக்குக் கட்டிய சேலையோடு நிலத்தில் முழங்காலிட்டு, அவருடைய தலையை அசையாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். யார் ஓட்டியது என்று போலீஸ்காரர் கேட்டபோதும் அப்படியே இருந்தாள். நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன்: என் மனைவி. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு ஓம் என்று தலையாட்டினாள். ஊதச் சொன்னார்கள், ஊதினாள். குடிக்காதவளின் மூச்சில் கருவி எதைக் காட்டும்?

"என்னைக் கேக்கேல்லையே நீங்கள்" என்றாள் அன்று மாலை.

"பிள்ளையின்ர எதிர்காலம்."

"அந்த ஆளுக்கு இடுப்பு உடைஞ்சு போச்சு. என்ர கைக்குள்ள கிடந்து அழுதவர்."

கவனயீனமாக ஓட்டியதாக வழக்கு நடந்து, அவளுடைய லைசன்ஸ் ஒரு வருடத்துக்குப் பறிபோனது. லைசன்ஸோடு வேலையும் போனது. பிறகு ரயிலில் போய் ஒரு முதியோர் இல்லத்தில் சட்டி கழுவினாள். அந்த மனிதர் மறுபடி நடக்கவேயில்லை. அவள் வாராவாரம் சூப் கொண்டுபோய்க் கொடுத்தாள். மகன் ஒருநாளும் போகவில்லை. நானும் போகவில்லை.

"அவர் என்னை மன்னிச்சிட்டாராம்" என்று ஒருநாள் சொன்னாள். "எதுக்கெண்டுதான் எனக்குத் தெரியேல்லை."

லைசன்ஸ் திரும்பக் கிடைத்த பிறகும் அவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அது எங்கள் நண்பர்களுக்குப் பகிடியாகிவிட்டது. ஹோம்புஷில் ஒரு வீட்டில் பிறந்தநாள் மத்தியானச் சாப்பாடு. எல்லோர் கையிலும் கிளாஸ்.

"அக்காவிட்ட திறப்பைக் குடுத்திடாதேங்கோ" என்றார் அன்று என்னை ஊற்றச் சொன்ன அதே நண்பர். "ஹோம்புஷ் மதிலெல்லாம் நடுங்குது."

எல்லோரும் சிரித்தார்கள். மகனும் சிரித்தான், கையில் பியரோடு. நானும் சிரித்தேன். வாய் திறந்து, பல் தெரிய.

அவள் மடியில் சோற்றுக் கோப்பையை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "நான் கார் ஓடேல்லை" என்றாள், குரலை உயர்த்தாமல். "அண்டைக்கு ஓடினது இவன். குடிவெறியோட ஓடினவன். ஊத்திக் குடுத்தது இவர்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மகன் போத்தல் லேபிளை நகத்தால் சுரண்டினான். நான் ஒரு சொல் சொன்னால் போதும்.

"அந்த அக்சிடென்ட்டுக்குப் பிறகு இவவுக்குக் கொஞ்சம் குழப்பம்" என்றேன். "இப்பிடித்தான் இடைக்கிடை சொல்லுவா."

நண்பர்கள் அனுதாபமாகத் தலையாட்டினார்கள். யாரோ ஐஸ் கேட்டார்கள்.

அவள் குசினிக்குப் போய்க் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். பின்னால் போயிருக்கலாம். கிளாஸில் பாதி இருந்தது. அதைக் குடித்து முடித்துவிட்டு மகனிடம் எத்தனை என்று கேட்டேன். "ஒன்லி டூ" என்றான். அவன் ஓட்ட, நான் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன்.

மறுவாரம் மெல்பேர்னுக்கு, ரோவிலில் இருக்கும் தங்கையிடம் போனவள் திரும்பி வரவில்லை. மகன் இப்போது டொக்டர்.

அன்று அந்த வீட்டில் இருந்தவர்களில் சிலர் இதை வாசிப்பீர்கள். மெல்பேர்னில் அவளைப் பார்த்தால் பைத்தியத்தோடு பேசுவதுபோல மெதுவாகப் பேசுகிறீர்களாம், அவளுடைய தங்கை சொன்னாள். அவளுக்கு ஒரு குழப்பமும் இல்லை. அவள் சொன்னது முழுக்க உண்மை. பொய் சொன்னவன் நான்.