தப்பாக மாட்டிய கமான்

எஃகுப் பல்லை விரலிடுக்கில் பிடித்து நகத்தால் சுண்டினால் 'ணிங்' என்று ஒரு சத்தம் வரும். நல்ல பல் என்றால் அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் காதிலேயே நிற்கும், துருவேறியது என்றால் 'டப்' என்று செத்துவிடும். தறியில் பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு போன்ற சட்டத்துக்கு எங்கள் பக்கம் 'அச்சு' என்று பெயர். பிள்ளையார்பாளையத்தில் அச்சு பழுதுபார்க்கும் கடை வாசலில், கழித்துப்போட்ட பற்கள் கிடந்த தகர டப்பாவுக்கு முன்னால் நானும் அண்ணனும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாகச் சுண்டிக் காதோரம் வைத்துப் பார்த்த ஒரு கோடை விடுமுறையைத்தான் சொல்லப் போகிறேன். எங்களுக்கு வேண்டியது லாரிக் கமான், அதுவும் ஒரு முழம்கூட இல்லாத பொம்மை லாரிக்கு.

லாரியின் பாரத்தைத் தாங்கும் இரும்புப் பட்டைகளைத்தான் 'கமான்' என்போம். நீளமான பட்டை மேலே, அதைவிடக் குட்டை அதற்குக் கீழே, இன்னும் குட்டை அதற்கும் கீழே என்று வில்போல் வளைத்து அடுக்கி, நடுவில் இறுக்கிக் கட்டியிருக்கும். ரோட்டோரம் நின்று பார்த்தால் பின்சக்கரத்தை ஒட்டித் தெரியும், ஆனால் யார் பார்க்கிறார்கள்? எங்கள் வீட்டில் பார்ப்போம். அப்பா லாரி டிரைவர்.

தெருவே தறியில் உட்கார்ந்திருந்தபோது ஸ்டியரிங்கைப் பிடித்தவர் அவர். "தறிக் குழியில குந்துடான்னா ரோட்டுக்கு ஓடிட்டான்" என்று சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள், அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்த வருடம் அவருக்கு ஒரு கண்ணில் பார்வை மங்கிப்போய், இனிமேல் லாரி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலாளி நல்ல மனிதர்தான், அதற்காக லோடு காத்திருக்குமா? வேறொரு டிரைவர் ஏறி லாரியை எடுத்துக்கொண்டு போனார். அப்பா கோபப்படவில்லை, குடிக்கவில்லை, யாரையும் திட்டவில்லை. பேசுவதை மட்டும் நிறுத்திவிட்டார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், சாப்பிட்டுவிட்டுப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார். ஊரிலிருந்து திரும்பினால் சட்டையைக் கழற்றும் முன்பே வழியில் நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்க்கிற மனிதர் அவர். அந்த மௌனம் எனக்குப் பயமாக இருந்தது. அம்மாவுக்கு அதைவிடப் பயம், ஆனால் அவள் தறி மிதிப்பதை நிறுத்தவில்லை, நிறுத்தினால் வீடு நடக்காது.

போன லாரியை அப்படியே சின்னதாகச் செய்து அப்பா கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது அண்ணனின் யோசனை. எனக்கு இரண்டு வயது மூத்தவன், பிடித்தால் பிடித்ததுதான். பலகையில் பெட்டியும் தகரத்தில் முகப்பும் செய்வதில் ஒரு கஷ்டமும் இல்லை, கமான்தான் எங்கள் உயிரை வாங்கியது. கடைப் பொம்மைகளில் அது வெறும் பிளாஸ்டிக் கோடு. 'நிஜத்துல எப்பிடியோ அப்பிடி' என்று அண்ணன் ஒற்றைக் காலில் நின்றான். முசரவாக்கம் போகும் ரோட்டோரம் லாரிகள் நிற்குமிடத்துக்குச் சைக்கிளில் போய், வண்டிக்கு அடியில் படுத்து டேப்பால் அளந்து, அடிக்கு அரை அங்குலம் என்று கணக்குப் போட்டோம். அளந்தவன் அவன், தலைமுடியெல்லாம் கிரீஸ் அப்பிக்கொண்டவள் நான். கமான் பட்டைக்கு அச்சுப் பல். அதைக் கட்டிப் பிடிக்கும் போல்ட்டுக்கு ஊக்குக் கம்பி. கமானின் பின்முனை அசைந்து கொடுப்பதற்கு 'ஷேக்கிள்' என்று தொங்கலாக ஒரு துண்டு இருக்கும், அதற்குக் கைக்கடிகாரக் கடைக்காரர் தூக்கிப்போட்ட சங்கிலிக் கண்ணிகள்.

எல்லாப் பட்டைகளையும் எஃகிலேயே அடுக்கிப் பூட்டி வண்டியைத் தள்ளினால், கமான் துளிகூட வளையவில்லை. பொம்மைக்கு ஏது அவ்வளவு பாரம்? வண்டி கல்லைக் கட்டி இழுத்ததுபோல் தடதடவென்று குதித்தது. அண்ணன் அதைத் தூக்கி மூலையில் எறிந்தான். நான் பொறுக்கி வந்து, மேல்பட்டை ஒன்றை மட்டும் எஃகாக விட்டுவிட்டு, தறிக்கு டிசைன் போடும் பழைய அட்டையில் மற்றதையெல்லாம் வெட்டி, பாலிஷ் பூசிக் கறுப்பாக்கி அடுக்கினேன். இப்போது அழுத்தினால் இறங்கியது, விட்டால் ஏறியது. அண்ணன் என்னைப் பாராட்டவில்லை, எறியவும் இல்லை.

அதை அப்பாவின் முன்னால் வைத்தோம். முதலில் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி, அவ்வளவு சின்னது கண்ணுக்குப் பிடிபடாததால் விரலாலேயே தடவிப் பார்த்தார்.

"டேய், ஷேக்கிள முன்னாடி மாட்டிக்கினு எங்கடா போவப் போறீங்க? கமான் நீளறதுக்குப் பின்னால எடம் வாணாவா?"

தறிச் சத்தம் நின்றது. அப்பா வாய் திறந்து எத்தனையோ நாளாகியிருந்தது.

அது எங்கள் அவசரத்தில் வந்த தப்பு, மாற்றினோம். மறுநாள் வெளியில் போய்வந்து மறுபடி காட்டினால், நீளப் பட்டை கீழேயும் குட்டைப் பட்டை மேலேயும் இருக்கிறது என்றார். நாங்கள் அப்படி மாட்டவேயில்லை. அதற்கடுத்த நாள் போல்ட் லூஸ். 'நீதான் நோண்டியிருக்க' என்று அண்ணன் என் சடையைப் பிடித்து இழுத்தான், நான் கடித்துவைத்தேன். ஒருநாள் கமானே கவிழ்ந்து புருவம் போல் உட்கார்ந்திருந்தது. அதைத் தடவிப் பார்த்த அப்பா முதலில் திகைத்து, அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். சிரித்த கையோடு, எங்கோ மலைப்பாதையில் கமான் முறிந்து மழையில் நின்ற கதையை ஒருமணி நேரம் சொன்னார். அண்ணன் மட்டும் உர்ரென்றிருந்தான்.

பழியைத் துடைக்க வேண்டுமே என்று ஒரு மத்தியானம் வெளியே கிளம்பிப் பாதி வழியில் திரும்பி வந்து எட்டிப் பார்த்தேன். அப்பா திண்டில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா லாரியை மடியில் கவிழ்த்துவைத்து, துணியில் பிசிறு எடுக்கும் இடுக்கியால் ஷேக்கிளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். லாரியைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. இழுத்தால் வருவதைக் கழற்றுவாள், தோன்றிய இடத்தில் செருகுவாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்து அருகில் இழுத்துக்கொண்டாள்.

"சொல்லிடாதம்மா. தப்பு இருக்கறதாலதான் அவரு பேசறாரு. வண்டி சரியாயிட்டா மறுபடி செவுத்தப் பாத்துக்கினு குந்திடுவாரு."

அன்றிலிருந்து நானும் கூட்டு. எதைப் பிடுங்கினால் நல்லதென்று அவளுக்குக் காட்டிக்கொடுத்தேன். எங்கள் சந்தோஷம் ஒரு வாரம்கூட நீடிக்கவில்லை. பொறுமையிழந்த அண்ணன், இரண்டு டியூபைக் கலந்து பூசும் பசையை வாங்கி வந்து, எல்லாவற்றையும் சரிபார்த்துப் பூட்டி, அசைய வேண்டியதைத் தவிர அத்தனை மூட்டிலும் வழித்து ஒட்டி, பசை காயும்வரை பக்கத்திலேயே காவலும் இருந்தான். அம்மா இரண்டு தடவை ஏதோ எடுக்க வருவதுபோல் வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் அப்பா லாரியை மடியில் வைத்துக்கொண்டார். கமானைத் தடவினார், ஷேக்கிளை ஆட்டிப் பார்த்தார், பின்பக்கத்தை அழுத்தி விட்டார். அம்மா தறியை விட்டு எழுந்து வந்து நின்றாள்.

"எல்லாம் சரியாத்தான் இருக்குது" என்று லாரியைக் கீழே வைத்தார்.

அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பப் போகிறார் என்றுதான் நானும் நினைத்தேன். அவரோ அம்மாவைப் பார்த்தார்.

"இன்னாமே, இன்னிக்கி ஒண்ணியும் கழட்டலியா?"

அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "பசையப் போட்டு ஒட்டி வச்சிக்கிறானே, எங்கேந்து கழட்டறது?"

அண்ணன் வாயைப் பிளந்துகொண்டு எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். அப்பா அவன் தலையில் கைவைத்தார். "கமான கவுத்து மாட்டற அளவுக்கு எம் புள்ள மட்டமா? அன்னிக்கே தெரியும்" என்று அம்மா பக்கம் திரும்பினார். "நீ பாடுபட்டு கழட்டறியே, நான் பேசாம இருந்தா நல்லாவா இருக்கும்?"

அதன் பிறகு அவர் பேசுவதற்குத் தப்பு எதுவும் தேவைப்படவில்லை. பள்ளி திறந்த சில நாளில், கமான் கட்டும் பட்டறை ஒன்றுக்கு வேலைக்குப் போனார். திரும்பி வந்ததும் சட்டையைக் கழற்றும் முன்பே பேச ஆரம்பித்துவிடுவார்.

அப்பா இப்போது இல்லை. அண்ணன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். நான் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன், விடுமுறையில் இன்னும் பொம்மை லாரி செய்கிறேன். சுண்டிப் பார்த்துப் பொறுக்க வேண்டியதில்லை, கமானும் ஷேக்கிளும் அச்சு அசலாக, அளவு பிசகாமல் கூரியரில் வந்துவிடுகின்றன. போன மாதம் ஒன்றை முடித்து மேசையில் வைத்தபோது அம்மா அருகில் வந்து குனிந்து பார்த்தாள்.

"எல்லாம் சரியா இருக்குதாம்மா?" என்று கேட்டாள்.

"இருக்குதும்மா."

பின்சக்கரத்தை ஒரு விரலால் மெதுவாக உருட்டினாள். "தப்பா இருந்தாதான் இன்னா," என்றாள், "யாரு வந்து சொல்லப் போறாங்க?"